பிஎச்பியும் ஜாவாஸ்கிரிப்டும்: ஒரு கூட்டல் குறி படுத்தும் பாடு

1995ஆம் ஆண்டில் அறிமுகமான பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய இரண்டு நிரல்மொழிகளிலும் இஃப், ஃபார், வைல் போன்ற கட்டளைகளும் நெளிவு அடைப்புக்குறிகளும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருப்பதால், ஒன்றைக் கற்றவர் மற்றொன்றையும் சுலபமாக எழுதிவிடலாம் என்றே எண்ணுவார். கூட்டல் குறியில்தான் அந்த எண்ணம் இடறுகிறது.

இணையப் படிவத்தில் ஒருவர் நிரப்பும் 5, பொதுவாக எண்ணாக அல்லாமல் சரமாகவே, அதாவது வெறும் எழுத்துத் தொடராகவே, நிரலுக்கு வந்து சேரும். அதனுடன் 3-ஐக் கூட்ட "5" + 3 என்று எழுதினால் பிஎச்பி 8 என்று விடை தரும். ஜாவாஸ்கிரிப்டோ "53" என்று தரும். பிஎச்பியில் சரங்களை இணைக்கப் புள்ளி தனியே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் கூட்டுவதும் இணைப்பதும் ஒரே குறியின் வேலை என்பதால், ஒரு பக்கம் சரமாக இருந்தாலே அது இணைத்துவிடுகிறது. ஆனால் "5" - 3 என்பதற்கு இரண்டும் 2 என்றே சொல்லும். தள்ளுபடியைச் சரியாகக் கழிக்கும் அதே நிரல் மொத்தத் தொகையைத் தவறாகக் காட்டும், பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதிலுள்ள வில்லங்கம். இந்த ஒரு விஷயத்தில் பிஎச்பியின் ஏற்பாடே தெளிவானது என்பேன்.

மாறிகளை, அதாவது மதிப்புகளைச் சேமித்து வைக்கும் பெயர்களை, அறிவிப்பதில் நிலைமை தலைகீழ். பிஎச்பியில் பெயருக்கு முன் $ இட்டு மதிப்பைத் தந்தாலே மாறி உருவாகிவிடும் என்பதால், $total என்பதற்குப் பதில் $totla என்று எழுதி மதிப்பளித்தாலும் அது முணுமுணுக்காமல் புதிய மாறியாக ஏற்றுக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதல் பெயர்களை அறிவிக்க லெட், கான்ஸ்ட் ஆகியவை உள்ளன; விதிகளை இறுக்கும் கண்டிப்பு முறையில் இயங்கும்போது அறிவிக்காத பெயருக்கு மதிப்பளித்தால் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும்.

வரி முடிவில் அரைப்புள்ளியை மறந்தால் பிஎச்பி பெரும்பாலும் இயங்கவே மறுக்கும்; ஜாவாஸ்கிரிப்ட் பல இடங்களில் தானே சேர்த்துக்கொள்ளும். ரிட்டர்ன் என்பதை ஒரு வரியிலும் திருப்பித்தர வேண்டிய மதிப்பை அடுத்த வரியிலும் எழுதும்போது மட்டும் இந்தத் தாராளம் வினையாகி, மதிப்பே திரும்பாது.

"0" என்ற சரத்தை பிஎச்பி பொய்யாகவும் ஜாவாஸ்கிரிப்ட் மெய்யாகவும் கொள்கின்றன. எனவே, எண்ணிக்கைக் கட்டத்தில் ஒருவர் 0 என்று நிரப்பியிருந்தாலும், வெறும் இஃப் கொண்டு சோதிக்கும் பிஎச்பி நிரல் அதை நிரப்பப்படாத கட்டமாகவே கருதும்; மதிப்போடு வகையையும் பார்க்கும் === கொண்டு வெற்றுச் சரத்துடன் ஒப்பிட்டால் இரு மொழிகளிலும் ஒரே விடை கிடைக்கும்.