அம்மாவுக்கு வரும் மெசேஜை வெளியூரிலிருந்து பார்க்க எந்த வழி நல்லது?

கண்ணில் புரை முற்றியதிலிருந்து அம்மாவால் போனில் சின்ன எழுத்தைப் படிக்க முடியவில்லை. "எனக்கு வர்றதை எல்லாம் நீயே பார்த்துச் சொல்லிடேன்ப்பா" என்று அவரேதான் கேட்டார். நான் இருப்பது வேறு ஊரில். ஆறேழு மாதத்தில் ஒவ்வொரு வழியாக வைத்துப் பார்த்தாயிற்று. என் அளவுகோல் இரண்டே: யாரோ பார்க்கிறார்கள் என்பது போனுக்குச் சொந்தக்காரருக்கு எப்போதும் தெரிய வேண்டும், வேண்டாம் என்று தோன்றினால் அவரே நிறுத்திவிட முடிய வேண்டும்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் முதலில் பார்க்க வேண்டியது கூகுள் மெசேஜஸின் வெப் வசதி. 2018இல் வந்தது, காசு கிடையாது, தனியாக எந்தச் செயலியும் தேவையில்லை. கணினித் திரையில் வரும் க்யூஆர் குறியீட்டை அம்மாவின் போனால் ஸ்கேன் செய்தால் போதும். ஆனால் இதை நேரில் போய்த்தான் செய்ய வேண்டும். வீடியோ காலில் குறியீட்டைக் காட்டலாம் என்று நினைத்தேன். கால் ஓடுவதே அதே போனில், அது தன் திரையையே எப்படி ஸ்கேன் செய்யும்? தூரத்திலிருந்தே இணைக்க இன்னொரு வழி உண்டு. அம்மாவின் கூகுள் கணக்கில் நாம் உள்நுழைந்தால், கணினியில் தெரியும் அதே இமோஜியை அவர் போனில் தொட்டதும் இணைந்துவிடும். சுலபம்தான். ஆனால் மெசேஜுக்காகக் கேட்ட சாவியில் அவருடைய மெயிலும் போட்டோக்களும் சேர்ந்து திறந்துகொள்கின்றன. அதனால் நேரில் போகும் வரை பொறுத்திருந்து க்யூஆர் முறையிலேயே இணைத்தேன்.

நிறை: எல்லா மெசேஜும், ஆர்சிஎஸ் (எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக இணையம் வழியே போகும் புதிய வகை மெசேஜ்) உரையாடல் உட்பட, அப்படியே தெரியும். இணைந்திருக்கும் கணினிகளின் பட்டியல் போனிலேயே இருக்கும், அங்கிருந்தே துண்டிக்கலாம். குறை: அம்மாவின் போனில் சார்ஜோ இணையமோ இல்லையென்றால் இங்கே ஒன்றும் வராது. இன்னொரு குறை பழகப் பழகத்தான் தெரிந்தது. நான் இங்கே திறந்து படித்ததும் அங்கே அது 'படித்தது' ஆகிவிடுகிறது. "மெசேஜ் வந்த மாதிரியே தெரியலையேப்பா" என்று இரண்டு முறை கேட்டார். அவர் கண்ணுக்கு எட்டிய ஒரே அடையாளம், படிக்காத மெசேஜைக் காட்டும் அந்தத் தடித்த எழுத்துதான். அதையும் நான் அழித்துக்கொண்டிருந்தேன். இங்கிருந்து பதில் தட்டினால் அது அம்மாவின் எண்ணிலிருந்து, அம்மா எழுதியதாகவே போகும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அடுத்தது எஸ்எம்எஸ் ஃபார்வர்டு செயலிகள். குறிப்பிட்ட அனுப்புநர் அல்லது குறிப்பிட்ட சொல் இருந்தால் மட்டும் நம் எண்ணுக்கோ மெயிலுக்கோ நகல் அனுப்பும். அம்மாவின் தோழி ஒருவர் தன் வீட்டுப் பிரச்சினையை நீளமாக எழுதியிருந்ததை வெப்பில் பார்த்த அன்று எனக்கு இதன் அருமை புரிந்தது. அம்மா சம்மதித்தார், சரி. அந்தத் தோழி யாரிடம் சம்மதித்தார்? மருத்துவமனைத் தேதி, வங்கிப் பற்று, இரண்டு மட்டும் வந்தால் எனக்குப் போதும். இந்தச் செயலிகள் ஆர்சிஎஸ் மெசேஜை எடுக்காது. பேட்டரி சேமிப்பிலிருந்து விலக்கு கொடுக்காவிட்டால், பல போன்கள் சத்தமில்லாமல் இவற்றை நிறுத்திவிடும். நகல் நேரடியாக நமக்கு வருகிறதா, செயலிக்காரரின் சர்வர் வழியாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை கூகுள் 2018இல் கடுமையாக்கியது. பிளே ஸ்டோருக்கு வெளியே ஏபிகே (செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) இறக்கச் சொல்லும் செயலி என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

ஐபோனில் கதை வேறு. அதிலுள்ள டெக்ஸ்ட் மெசேஜ் ஃபார்வர்டிங் அதே ஆப்பிள் கணக்கில் இருக்கும் சாதனங்களுக்கு மட்டுமே அனுப்பும். ஒருவர் தன் ஐபேடில் தன் மெசேஜைப் பார்ப்பதற்காகச் செய்தது அது; இருவர் ஒரே கணக்கைப் பங்கிட்டால் அவருடைய மொத்த டிஜிட்டல் வாழ்க்கையும் கலந்துவிடும். அதைவிட ஷார்ட்கட்ஸ் செயலியில் ஆட்டோமேஷன் வைப்பது மேல்: இன்னாரிடமிருந்து மெசேஜ் வந்தால் எனக்கு அனுப்பு என்று ஒரு விதி. அமைக்க அரை மணி நேரம் பிடிக்கும், ஆனால் அளவோடு நிற்கும்.

வாட்ஸ்அப்புக்கு லிங்க்டு டிவைசஸ் இருக்கிறது. நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம், போன் அணைந்திருந்தாலும் ஓடும், 14 நாள் போனைத் தொடாமலே விட்டால் தானாக வெளியேறிவிடும். ஆனால் மருத்துவமனைத் தேதி எஸ்எம்எஸ்ஸில் வரும் வீட்டுக்கு இது உதவாது.

'குடும்பப் பாதுகாப்பு' என்று விற்கும் உளவுச் செயலிகளை இந்த வரிசையில் நான் சேர்க்கவே மாட்டேன். ஒளிந்திருப்பதற்காகவே செய்யப்பட்ட ஒன்றுக்கு, சம்மதம் கொடுத்தவர் வீட்டில் வேலை இல்லை. பெற்றோர் பிள்ளைகளைக் கவனிக்கவும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர் சாதனங்களை நிர்வகிக்கவும் மட்டுமே பிளே ஸ்டோர் கண்காணிப்புச் செயலிகளை விடுகிறது. கணவன் மனைவிக்குள் தெரிந்தே சம்மதித்தாலும் அதற்கு அனுமதியில்லை. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2021இல், உளவுச் செயலி விற்ற ஸ்பைஃபோன் நிறுவனத்தைக் கண்காணிப்புத் தொழிலே செய்யக் கூடாது என்று தடுத்தது. ரகசியமாகத் திரட்டிய தகவலை அது ஒழுங்காகப் பாதுகாக்கவுமில்லை.

இப்போது அம்மா போனில் ஃபார்வர்டு மட்டும் ஓடுகிறது, இரண்டே விதிகளோடு. ஓடிபி என்ற சொல் இருந்தால் அனுப்பாதே என்று அதில் ஒரு விலக்கும் வைத்திருக்கிறேன். வெப் இணைப்பை, போன முறை ஊருக்குப் போனபோது அம்மா கையாலேயே துண்டிக்கச் சொன்னேன். ஓடிபி எனக்கு வந்தால் சில வேலை சுலபமாகும், உண்மைதான். ஆனால் தன் ஓடிபி இன்னொருவர் கைக்குப் போவது சகஜம் என்று அம்மாவுக்குப் பழகிவிட்டால், நாளைக்கு என் பெயரைச் சொல்லிக் கேட்பவனுக்கும் அவர் படித்துக் காட்டிவிடுவார்.