நீச்சல் தடாகத்துக்கு அனுமதி தேவையில்லை என்பவரை நம்பாதீர்கள்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்களுக்கு நான்கு பரப்புக் காணியில் ஒரு வீடு இருக்கிறது. கனடாவில் வசிக்கும் தங்கை, தன் பிள்ளைகள் ஆடி விடுமுறைக்கு வந்து நிற்கும்போது நீந்தி விளையாட வேண்டும் என்று ஆசைப்பட்டு, வளவின் பின்புறத்தில் நீச்சல் தடாகம் ஒன்று கட்டுவதற்குப் பணம் அனுப்பினாள். வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. வெளிநாட்டுப் பணத்தில் இப்போது யாழ்ப்பாணத்தில் இத்தகைய தடாகங்கள் பல கட்டப்படுவதால், எங்களுக்கு நேர்ந்ததை விவரமாக எழுதுகிறேன்.

பிரதேச சபையில் அனுமதி எடுக்க வேண்டாமா என்று நான் கேட்டபோது ஒப்பந்தகாரர், "அண்ணை, சுவர் எழுப்பிக் கூரை போட்டால்தான் அது கட்டடம். இது நிலத்துக்குக் கீழ போற தொட்டி. இதுக்கு ஒருத்தரும் பிளான் கேக்க மாட்டினம்" என்றார். இரண்டு கிழமை கழித்து, சபைக்குக் கட்ட வேண்டும் என்று சொல்லி 85,000 ரூபாயும் வாங்கினார். அனுமதியே தேவையில்லாத வேலைக்குச் சபைக்கு எதற்குப் பணம் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.

அவர் சொன்னது முழுப் பொய். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம், அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில், நிலத்தின் மேலே மட்டுமன்றி அதன் கீழே செய்யப்படும் கட்டுமான வேலையையும் அபிவிருத்தி வேலை என்றே வரையறுக்கிறது. அதற்கு முன்கூட்டியே அனுமதிப் பத்திரம் பெற வேண்டும். பெறாமல் கட்டினால் வேலையை நிறுத்தவும், நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் அறிவித்தல் வரும். அதற்கும் இணங்காவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றம் வரை போய், இடித்து அகற்றும் கட்டளையில் முடியலாம்.

இந்த அனுமதியை வெறும் கடதாசி வேலை என்று நினைத்திருந்த எனக்கு, அதன் காரணம் அயல் வீட்டு மாமியின் கிணற்றில்தான் விளங்கியது. எங்கள் தடாகம் 24 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்டது. சுமார் 36,000 லீற்றர் நீர் பிடிக்கும். வடிகட்டியைக் கழுவும் நீர் போவதற்கென்று ஒப்பந்தகாரர் எல்லை மதிலோரம் ஒரு குழி வெட்டியிருந்தார். எங்கள் ஊர் இருக்கும் வலிகாமப் பகுதியின் சுண்ணாம்புக்கல் வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. அதற்குள் விட்ட நீர் மண்ணில் ஊறி வடிவதற்கு முன்பே பக்கத்துக் கிணற்றை அடைந்துவிடும். ஒருநாள் காலையில் மாமி, அள்ளிய தண்ணீரை வாளியோடு எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து வைத்து, "தம்பி, இதை ஒருக்கா மணந்து பாருங்கோ" என்றார். குளோரின் மணம் முகத்தில் அடித்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லாத இந்தக் குடாநாட்டில், உவர்நீருக்கு மேலே மிதக்கும் மழைநீரைத்தான் நாம் பெரும்பாலும் கிணறுகளில் அள்ளிக் குடிக்கிறோம். அதைத் தடாகத்துக்காக அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உப்புநீர் மேலேறும். இதையும் எனக்கு எவரும் சொல்லவில்லை.

மாமி சபையில் முறையிட்டார், அது அவருடைய உரிமை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து, வரைபடத்தைக் கேட்டார். ஒப்பந்தகாரர் தந்த பற்றுச்சீட்டைத் தேடி எடுத்தேன். கடையில் வாங்கிய சாதாரண பில் புத்தகத்தின் ஒரு தாள் அது. "அப்ரூவல் செலவு" என்று நீல மையில் எழுதி, கீழே ஒரு கையெழுத்து. சபையின் பெயரோ முத்திரையோ அதில் இல்லை. சபையில் எங்கள் காணிக்கு ஒரு விண்ணப்பம்கூடப் பதியப்பட்டிருக்கவில்லை.

அறிவித்தல் வந்ததும் பயத்தில் தடாகத்து நீரை முழுவதும் இறைத்துவிட்டோம். அது கார்த்திகை மாதம். மழையில் நிலத்தடி நீர் ஏறியபோது, கீழிருந்து வந்த அமுக்கம் வெறும் தொட்டியை மேலே தள்ளியது. ஒரு விடியற்காலை போய்ப் பார்த்தால், நடுத்தளம் கைகொள்ளும் அகலத்துக்குப் பிளந்து, ஓடுகள் நிமிர்ந்து நிற்க, வெடிப்புக்குள்ளால் கலங்கல் நீர் ஊறிக்கொண்டிருந்தது. அந்த அமுக்கத்தைத் தணிக்கும் வால்வு அடித்தளத்தில் வைக்கப்படவேயில்லை என்று, பின்னர் பார்த்த பொறியியலாளர் சொன்னார்.

தடாகமோ சுடுநீர்த் தொட்டியோ கட்ட நினைப்பவர்கள், கட்டணத்தை நீங்களே சபைக்குப் போய்க் கட்டி, உங்கள் பெயரில் பற்றுச்சீட்டை வாங்குங்கள். முத்திரையிட்ட வரைபடத்தைக் கையில் வாங்கும் வரை நிலத்தில் அலவாங்கு போட விடாதீர்கள். உங்கள் கிணறு, அயலவர் கிணறு, மலகூடக் குழி, கழுவுநீர் போகும் இடம் ஆகிய எல்லாம் அந்த வரைபடத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும், அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டப்பட்டது என்று உறுதிசெய்யும், சீ.ஓ.சீ. என்று சொல்லப்படும் இணக்கச் சான்றிதழைப் பெறும் வரை கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

ஒப்பந்தகாரரின் தொலைபேசி இப்போது இயங்குவதில்லை. பொலிஸில் முறைப்பாடு செய்திருக்கிறோம். கழுவுநீர்க் குழியை மூடியாயிற்று. மாமியின் கிணற்றை இரண்டு தடவை இறைத்துத் துப்புரவாக்கிக் கொடுத்தோம். ஆனாலும் அதைக் குடிக்க அவருக்கு இன்னும் மனம் வரவில்லை, ஆகவே நாள்தோறும் காலையில் ஒரு கான் குடிநீர் கொண்டுபோய் அவர் வீட்டு விறாந்தையில் வைத்துவிட்டு வருகிறேன்.