தூக்கத்தை அளக்குற மோதிரம்: நாலு மாசம் போட்டுப் பார்த்துட்டு எழுதுறேன்

நாலு மாசமா ஆள்காட்டி விரல்ல ஒரு ஸ்லீப் ட்ராக்கர் மோதிரம் போட்டுட்டுத் தூங்குறேன். காலைல எந்திரிச்சு ஆப்பைத் திறந்தா நூத்துக்கு இவ்வளவுன்னு ஒரு ஸ்கோர், அதுக்குக் கீழ எவ்வளவு நேரம் ஆழ்ந்த தூக்கம், எவ்வளவு நேரம் கனவு வர்ற ரெம் தூக்கம், எத்தனை தடவ முழிப்பு வந்துச்சுன்னு கலர் கலரா ஒரு கிராஃப். பிராண்ட் பேர் போடல, ஏன்னா நான் சொல்லப் போற குறை விரல்லயோ மணிக்கட்டுலயோ மாட்டுற எல்லா ட்ராக்கருக்கும் கிட்டத்தட்ட பொருந்தும். அவசரத்துல இருக்கவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன்: எப்போ தூங்குனீங்க, எப்போ எந்திரிச்சீங்கன்னு அது காட்டுறதை ஓரளவு நம்பலாம். ஸ்கோரையும் கலர் கிராஃபையும் வெச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க. குறட்டை, மூச்சுத்திணறல் இருந்தா மோதிரம் பச்சை காட்டுதேன்னு டாக்டர்கிட்ட போகாம இருந்துடாதீங்க. இந்தக் கடைசி விஷயம் எனக்கே நடந்துச்சு, கீழ சொல்றேன்.

வாங்குனதுக்கு ஒரே காரணம், எனக்கு ஆறு மணி நேரத் தூக்கம் போதும்னு பல வருஷமா நம்பிட்டு இருந்தேன். 2003ல வான் டாங்கன், டிங்கஸ் இவங்க சேர்ந்து பண்ண ஒரு ஆராய்ச்சியைப் பத்திப் படிச்சதும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுருச்சு. ஆரோக்கியமா இருக்க 48 பேரைக் கூட்டிட்டு வந்து, ஒரு குரூப்புக்கு தினம் எட்டு மணி நேரம், இன்னொண்ணுக்கு ஆறு, இன்னொண்ணுக்கு நாலுன்னு 14 நாள் படுக்கைல இருக்க விட்டாங்க, இன்னொரு குரூப்பை மூணு நாள் தூங்கவே விடல. திரைல ஒரு சிக்னல் வந்ததும் பட்டனை அமுக்கணும், எவ்வளவு வேகமா அமுக்குறாங்க, எத்தனை தடவ கோட்டை விடுறாங்கன்னு பார்க்குறதுதான் முக்கியமான டெஸ்ட். ஆறு மணி நேரமும் நாலு மணி நேரமும் படுத்தவங்களுக்கு நாளாக ஆகக் கவனம் சரிஞ்சுக்கிட்டே போச்சு, ஒண்ணு ரெண்டு ராத்திரி சுத்தமா தூங்காதவங்க அளவுக்குப் போயிருச்சு. இதுல என்னைப் பயமுறுத்தினது வேற ஒண்ணு. தூக்கம் வருதான்னு அவங்ககிட்டயே கேட்டப்போ, முதல் சில நாள்ல கொஞ்சம் ஏறிட்டு அப்புறம் பெருசா மாறவே இல்ல, அதாவது டெஸ்ட்ல நாளுக்கு நாள் மோசமா பண்றாங்க, ஆனா எனக்குப் பழகிருச்சு நான் நல்லாத்தான் இருக்கேன்னு மனசு சொல்லுது. நானும் அதையேதான சொல்லிட்டு இருந்தேன்! என் மனசு சொல்றதை நம்ப முடியாதுன்னா வெளியில இருந்து ஏதாவது ஒண்ணு அளந்து சொல்லணும், அப்படித்தான் இந்த மோதிரம் வந்துச்சு.

அந்த வேலையை அது ஒழுங்கா பண்ணுச்சு. ஆறு மணி நேரம் தூங்குறேன்னு நெனச்சுட்டு இருந்த நான் நெஜத்துல அஞ்சேகால், அஞ்சரைதான் தூங்கிட்டு இருந்திருக்கேன், மீதி நேரம் படுத்துட்டு ஃபோன் பார்க்குறது, புரள்றது. படுக்கைல இருந்த நேரம் வேற, தூங்குன நேரம் வேறன்னு ரெண்டையும் தனித்தனியா காட்டுறது இந்த ஆப்ல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். பெரியவங்களுக்கு ராத்திரிக்கு ஏழு மணி நேரம் அல்லது அதுக்கு மேல வேணும்னு 2015லயே அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியும் அங்க இருக்க தூக்க ஆராய்ச்சிச் சங்கமும் சேர்ந்து சொல்லிட்டாங்க. நான் அதுக்குப் பக்கத்துலயே இல்ல.

இப்போ குறைக்கு வர்றேன், இதைக் கொஞ்சம் விவரமா சொல்லணும். தூக்கத்தோட நிலைகளை மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை இந்த மூணையும் பார்த்துத்தான் பிரிக்கிறாங்க. 1953ல சிகாகோ பல்கலைக்கழகத்துல அசெரின்ஸ்கின்னு ஒரு மாணவர் தூங்குறவங்க கண்ணு கிட்ட எலக்ட்ரோடு ஒட்டி, நடுநடுவுல கண்ணு வேகமா அசையுதுன்னு கண்டுபிடிச்சு, அவரோட பேராசிரியர் கிளைட்மேனோட சேர்ந்து வெளியிட்டாரு, ரெம் தூக்கம்ங்கிறது அப்படித்தான் தெரிய வந்துச்சு (தன்னோட சின்ன மகனையே படுக்க வெச்சு எலக்ட்ரோடு ஒட்டிப் பார்த்திருக்காரு, அந்தப் பையன் பொறுமையை நெனச்சா ஆச்சரியமா இருக்கு). மோதிரத்துல இது எதுவுமே கிடையாது. உள்பக்கம் இருக்க சின்ன விளக்கு தோலுக்குள்ள வெளிச்சம் அடிச்சு ரத்த ஓட்டத்தைப் பார்த்து நாடித் துடிப்பைக் கணக்கு பண்ணுது, கூட ஒரு சென்சார் கை அசையுதான்னு பார்க்குது, விரல் சூட்டையும் பார்க்குது. ஆழ்ந்த தூக்கத்துல துடிப்பு மெதுவா சீரா இருக்கும், ரெம்ல ஏறி இறங்கும், உடம்பு அசையாது, இதை வெச்சு இந்த நேரத்துல இது நடந்திருக்கணும்னு ஒரு ஊகம் பண்ணுது. நல்ல ஊகம்தான், தப்பு சொல்லல, ஆனா ஆழ்ந்த தூக்கம் 52 நிமிஷம்னு நிமிஷக் கணக்கா காட்டுறப்போ அது ஊகம்ங்கிறதே நமக்கு மறந்துருது. லேப்ல மூளை அலையைப் பார்த்துப் பழகின ஆளுங்களுக்குள்ளயே கருத்து வேறுபாடு வரும், 2013ல வந்த ஒரு ஆய்வுல ஒரே பதிவை ஆயிரக்கணக்கான பேரு மார்க் பண்ணதுல சராசரியா 82.6 சதவீதம்தான் ஒத்துப் போச்சு. மூளையைப் பார்த்தே இவ்வளவுன்னா விரலைப் பார்த்து எவ்வளவு வரும்னு யோசிச்சுக்கோங்க.

இதனால என்ன கெட்டுப் போச்சுன்னு கேக்கலாம். ரெண்டாவது மாசம் எனக்கு ஒரு பழக்கம் வந்துருச்சு, கண்ணைத் தொறந்ததும் உடம்பு எப்படி இருக்குன்னு பார்க்காம ஸ்கோரைப் பார்க்குறது. நல்லா தூங்கி எந்திரிச்ச மாதிரிதான் இருக்கும், 61ன்னு வந்தா அப்படியே சோர்வு வந்து உக்காந்துக்கும், அன்னிக்கு மீட்டிங்ல ஒரு வார்த்தை மறந்தாலும் அந்த 61தான் காரணம்னு தோணும். இது என் கற்பனை இல்ல, 2014ல டிராகானிச், எர்டால்னு ரெண்டு பேரு இதையே சோதிச்சிருக்காங்க. வந்தவங்ககிட்ட உங்க ரெம் தூக்கத்தை அளந்துட்டோம்னு சொல்லி, சிலருக்கு 28.7 சதவீதம், ரொம்ப நல்லாருக்குன்னும், சிலருக்கு 16.2 சதவீதம், கம்மின்னும் சொன்னாங்க, ரெண்டுமே இட்டுக்கட்டுன நம்பர். கம்மின்னு கேட்டவங்க எண்களைக் கேட்டுக் கேட்டுக் கூட்டுற டெஸ்ட்ல மோசமா பண்ணாங்க, நல்லாருக்குன்னு கேட்டவங்க நல்லா பண்ணாங்க. 2017ல இன்னொரு குழு, ட்ராக்கர் ஸ்கோரைச் சரி பண்றேன்னு படுக்கைல கூடுதல் நேரம் கெடந்து, அந்தக் கவலையிலயே தூக்கம் கெட்டவங்களைப் பார்த்துட்டு அதுக்கு ஆர்த்தோசோம்னியான்னு பேரே வெச்சாங்க. லேப் டெஸ்ட்ல நல்லா தூங்குனீங்கன்னு காட்டியும் ட்ராக்கர் சொல்றதைத்தான் நம்புனாங்களாம். படிச்சப்போ மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஏற்கனவே தூக்கம் வராம தவிக்கிறவங்க கைலதான் இந்த மாதிரி பொருள் அதிகமா போய்ச் சேரும், ஆப்ல அவங்களுக்காக ஒரு எச்சரிக்கை வரி கூட இல்ல. அந்தக் குறைக்கு மட்டுமே நான் ஒரு ஸ்டார் கழிக்கிறேன். அவங்களுக்கு மோதிரத்தை விட சிபிடி-ஐன்னு ஒரு நடத்தைச் சிகிச்சை இருக்கு, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னாடி முதல்ல இதைத்தான் குடுக்கணும்னு அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரிங்கிற டாக்டர்கள் அமைப்பு 2016ல சொல்லியிருக்கு, அதைப் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

இனி அந்த மூச்சு விஷயம். நான் பயங்கரமா குறட்டை விடுறேன், நடுவுல மூச்சு நின்னு திடீர்னு திணறி வருதுன்னு வீட்டுல ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க. ஆப்ல தினமும் மூச்சு சீரா இருக்குன்னு பச்சை கலர்ல வரும், நான் அதையே எடுத்துக் காட்டுவேன். கடைசில அவங்க வற்புறுத்துனதுல ஒரு ராத்திரி ஸ்லீப் லேப்ல போய்ப் படுத்தேன், தலை, கண்ணு, தாடை, நெஞ்சு, கால் எல்லாத்துலயும் ஒயர், மூக்குல ஒரு குழாய், அதோட விரல்ல மோதிரத்தையும் போட்டுக்கிட்டேன். மொத்தத் தூக்க நேரத்துல மோதிரம் முக்கால் மணி நேரம் கூடக் காட்டுச்சு, ஏன்னா நான் முழிச்சுட்டு அசையாம படுத்துருந்ததையும் தூக்கம்னு எடுத்துக்கிச்சு, இந்த வகை எல்லாத்துக்கும் உள்ள பலவீனம்தான் இது. ஆழ்ந்த தூக்கம் ரெண்டுலயும் ஒத்தே வரல. மூச்சுதான் முக்கியம்: ஒரு மணி நேரத்துக்கு 18 தடவ மூச்சு நின்னுருக்கு இல்லன்னா குறைஞ்சுருக்கு, 15ல இருந்து 30க்குள்ள இருந்தா நடுத்தர அப்னியான்னு (தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற கோளாறு) சொல்றாங்க. அன்னிக்கு ராத்திரியும் மோதிரம் பச்சைதான் காட்டுச்சு. இதை அப்படியே விட்டா ரத்த அழுத்தம், இதயம், பகல்ல வண்டி ஓட்டும்போது கண்ணு சொருகுறதுன்னு பெரிய ஆபத்து எல்லாம் பின்னாடி வரும். கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், இது மருத்துவக் கருவி இல்லன்னு பதில் வந்துச்சு, சரி, அப்போ அந்தப் பச்சையை எடுத்துடுங்கன்னு திரும்ப எழுதுனேன், அதுக்குப் பதில் இல்ல.

இவ்வளவுக்கு அப்புறமும் ஏன் போட்டுட்டு இருக்கேன்னா, ஒரு விஷயத்துல இது உண்மையிலேயே உதவுது. தினமும் ஒரே நேரத்துல தூங்கி ஒரே நேரத்துல எந்திரிக்கிற சீர். பிரிட்டன்ல 60,977 பேரு ஒரு வாரம் மணிக்கட்டுல அசைவு மீட்டர் கட்டிட்டு இருந்த பதிவை வெச்சு 2024ல வந்த ஆய்வுல, இறப்பு அபாயத்தைக் கணிக்கிறதுல தூக்க நேரத்தை விட தூக்கத்தோட சீர் வலுவா இருந்துச்சு. இது ஒண்ணால ஒண்ணு வருதுன்னு நிரூபிச்ச ஆய்வு இல்ல, உடம்பு சரியில்லாதவங்களுக்குத் தூக்கமும் தாறுமாறா இருக்கலாம், ஆனா இதை அளக்குறதுக்கு மூளை அலை தேவையில்ல, அசைவே போதும், மோதிரம் நல்லா பண்ற வேலையும் அதுதான். அப்புறம் சாயங்கால காபி. ஒருத்தர் குடிச்ச கஃபீன் பாதியா குறையவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும், படுக்கப் போறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் எடுத்தவங்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல தூக்கம் குறைஞ்சுதுன்னு 2013ல காட்டியிருக்காங்க. நான் மத்தியானத்தோட நிறுத்தினதும் படுத்துத் தூங்குற வரைக்கும் ஆகுற நேரம் ஒரு வாரத்துலயே குறைஞ்சது கிராஃப்ல தெரிஞ்சுச்சு.

மத்ததெல்லாம் சுருக்கமா: சார்ஜ் அஞ்சு நாள் நிக்குது, தூக்கத்துல உறுத்தல, எடை தூக்குறப்போ கழட்டிடுங்க கீறல் விழுது. சைஸ் தப்பா எடுத்தா லூஸா சுத்திக்கிட்டு ரீடிங்கே வராது, காலைல விரல் கொஞ்சம் வீங்கியிருக்கும்ங்கிறதையும் சேர்த்து அளவு பாருங்க. டேட்டா எல்லாம் அவங்க சர்வருக்குப் போகுது, ஷேரிங் செட்டிங்கைப் போய் அணைச்சுடுங்க. அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்குறேன்.

இப்போ ஸ்கோர் கட்டத்தை ஹோம் ஸ்க்ரீன்ல இருந்து மறைச்சு வெச்சிருக்கேன், வாரத்துக்கு ஒரு தடவ படுத்த நேரம் எந்திரிச்ச நேரம் மட்டும் பார்ப்பேன். அப்னியாவுக்கு சிபாப் மெஷின் (மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்பி மூச்சுப் பாதை அடைக்காம வெச்சிருக்கிறது) ஆரம்பிச்சு மூணு வாரம் ஆகுது. பகல்ல கண்ணு சொருகுறது நின்னுருச்சு, வீட்டுலயும் குறட்டைச் சத்தம் இல்லாம நிம்மதியா தூங்குறாங்க, மோதிரம் மட்டும் முன்னாடி மாதிரியே மூச்சு சீரா இருக்குன்னு பச்சை காட்டிட்டு இருக்கு.