காலி வண்டியில் மட்டும் வரும் கிறீச் சத்தம்: பிக்கப்பின் பின்பட்டைகளோடு இரண்டு மழைக்காலம்

லோடு ஏற்றிப் போகும்போது சத்தமே இருக்காது. சந்தையில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது, ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கத்திலிருந்து பழைய கட்டில் ஆடுவதுபோல 'கிறீச்... கிறீச்'. மழை பெய்தால் காணாமல் போகும். இரண்டு நாள் வெயில் காய்ந்தால் திரும்ப வந்துவிடும். பட்டை (பாரத்தைத் தாங்க அடுக்கிக் கட்டிய வளைந்த எஃகுத் தகடுகள், அதாவது லீஃப் ஸ்பிரிங்) வைத்த சிறு லோடு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம் இது. ஒற்றை கேபின் டீசல் பிக்கப் ஒன்றில் இதைத் தேடிப் பிடித்துச் சரிசெய்து, இரண்டு மழைக்காலமும் இரண்டு கோடையும் ஓட்டிப் பார்த்த பிறகு, எந்த வேலை நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம். வண்டியின் ஓட்டம் பெரும்பாலும் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கும் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும். பாதி தார்ச்சாலை, பாதி மண்பாதை.

காலியில் வருகிறது, மழையில் மறைகிறது. இந்த இரண்டு விவரமே பாதி வேலையை முடித்துவிடும். தண்ணீர் பட்டதும் ஒரு சத்தம் நிற்கிறது என்றால், காய்ந்த இரண்டு பரப்புகள் உரசுகின்றன; தண்ணீர் கொஞ்ச நேரத்துக்கு எண்ணெய் மாதிரி வேலை செய்கிறது. அது ரப்பர் புஷ்ஷாக (போல்ட் போகும் துவாரத்துக்குள் போடும் உறை) இருக்கலாம், பட்டைகளுக்கு நடுவே இருக்கலாம், லோடு பாடிக்கும் சேஸுக்கும் இடையில் வைத்த கட்டையாகவும் இருக்கலாம். பேரிங் தேய்ந்தாலோ கிராஸ் (பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டு) தேய்ந்தாலோ வரும் சத்தத்தை ஒரு தூறல் நிறுத்தாது. லோடு ஏறியதும் நிற்கிறது என்றால் பட்டைக்கட்டின் பக்கமே சந்தேகம் திரும்ப வேண்டும். பாரம் ஏறும்போது பட்டைகள் ஒன்றோடொன்று அழுந்தி உட்காரும், ஹெல்பர் பட்டையும் (பாரம் ஏறினால் மட்டும் வேலை செய்யும் கூடுதல் பட்டை) தன் தாங்கியில் போய் முட்டிக்கொள்ளும், சாக்கிளின் (பட்டையின் பின்முனையைச் சேஸோடு இணைத்து ஆடும் தகடு) சாய்வும் மாறும். காலியில் இவை எல்லாம் தளர்ந்து தொங்குகின்றன.

ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை மட்டும் நம்பிச் சொல்லக் கூடாது. சேஸ் முழுக்க இரும்பு. இடது பின்பக்கத்தில் பிறக்கும் சத்தம் டிரைவர் சீட்டுக்கு அடியில் கேட்கும். சீட்டுக்கு அடியில் உருளும் ஜாக்கியின் சத்தம் பின்பக்கம் கேட்கும். அதனால் முதலில் ஜாக்கி, லிவர், ஸ்பேனர் பை, தார்ப்பாய்க் கயிறு, கொக்கி எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஸ்டெப்னியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் ஸ்டெப்னி அரை அங்குலம் தளர்ந்திருந்தால்கூட 'தொம்' என்று அடிக்கும். இதைக் கவனிக்காமல் ஷாக் அப்சார்பரை மாற்றிவிடுகிறார்கள்.

அடுத்தது சோப்புத் தண்ணீர்ச் சோதனை. செலவு என்று எதுவும் கிடையாது, ஆனால் எல்லாக் கருவியையும்விட இதுதான் அதிகம் சொல்கிறது. வண்டியைச் சமதளத்தில் காலியாக நிறுத்துங்கள். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து எஞ்சினை அணைத்துவிடுங்கள். சக்கரங்கள் தரையில்தான் இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ஒருவர் பின் பம்பரில் ஏறி நின்று சீராக அழுத்தி அழுத்தி விட வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும். எஞ்சின் அணைந்திருக்கும்போதே சத்தம் வந்தால் சைலன்சர், எஞ்சின் மவுண்ட், ஜாயிண்ட் எல்லாம் கணக்கிலிருந்து விலகிவிடும்.

ஒரு பக்கப் பட்டைக்கு மூன்று புஷ் இடங்கள் உண்டு: முன் கண், பின் கண் (பட்டையின் இரு முனையிலும் சுருண்ட வளையங்கள்), சாக்கிளின் மேல் முனை. ஷாக் அப்சார்பருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் 10 இடம். ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் நாலு சொட்டு விட்டுக் கலக்கி, ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அடியுங்கள். பத்து முறை அழுத்திப் பாருங்கள். சத்தம் மாறவில்லை என்றால்தான் அடுத்த இடம். சாக்கிளின் மேல் முனையில் தொடங்குவது நல்லது. அதிகம் திரும்புவது சாக்கிள் முனைகள்தான். மேல் முனையோ சேற்றையும் பிடித்துவைத்துக்கொள்ளும். சத்தம் எங்கே அடித்ததும் நிற்கிறதோ, அந்த இடம்தான். அவசரத்தில் எல்லா இடத்திலும் ஒன்றாக அடித்துவிட்டால் அன்றைய சோதனை முடிந்தது. காய்ந்த பிறகு மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

கையும் உதவும். சாக்கிள் தகட்டின் வெளிப்பக்கத்தில் இரண்டு விரலை ஒட்டி வைத்தால், கிறீச் வரும் அதே கணத்தில் விரல்நுனியில் ஒரு நடுக்கம் தெரியும். தகட்டுக்கும் பட்டைக்கும் இடையில் மட்டும் விரல் போகக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் அடையாளமும் உண்டு. போல்ட் தலையைச் சுற்றிக் குங்குமம் சிந்தியதுபோல மெல்லிய செந்நிறத் துருப்பொடி, அதன் நடுவே தேய்ந்து பளபளக்கும் ஒரு வளையம். இரும்பும் இரும்பும் சிறு அசைவில் உரசிக்கொண்டே இருந்தால்தான் இந்தப் பொடி விழும். அசையாத போல்ட்டில் தூசியும் துருவும் மங்கலாக, ஒரே நிறமாக இருக்கும்.

இந்த வண்டியில் சத்தம் வந்தது இரண்டு இடத்திலிருந்து. இடது சாக்கிளின் மேல் புஷ் ஒன்று. பட்டை நுனிகளுக்கு அடியில் இருக்கும் நைலான் பேட் இன்னொன்று. புஷ்ஷைத் தண்ணீர் காட்டிக் கொடுத்தது. பேட் தேய்ந்ததைப் பட்டையே காட்டியது: குட்டைப் பட்டையின் நுனி மேலே உள்ள பட்டையின் அடியில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் போட்டிருந்தது.

புஷ்ஷை மாற்றுவதற்கு முன் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். இரண்டு பக்கமும் தொப்பிபோல நுழையும் வெறும் ரப்பர் ஒரு வகை. அதில் ரப்பருக்கும் இரும்புக்கும் இடையே அசைவு உண்டு, அதனால் சிலிக்கான் கிரீஸ் தடவலாம். உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிப்போன ரப்பர் என்றால் அது இன்னொரு வகை. அதில் எதுவும் உரசவே கூடாது. உள் குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ரப்பர் தானே முறுக்கிக்கொண்டு திரும்பும். இந்த வகையில் சத்தம் வந்தால் ரப்பர் பிய்ந்திருக்கிறது, அல்லது போல்ட் தளர்ந்து உள் குழாய் சுற்றுகிறது. கிரீஸ் இதற்கு மருந்தல்ல. கிரீஸ் ஏற்றும் நிப்பிள் வைத்த இரும்பு அல்லது வெண்கல புஷ் மூன்றாவது வகை. பழைய கிரீஸ் முழுதும் வெளியேறிப் புதிய கிரீஸ் ஓரத்தில் எட்டிப்பார்க்கும்வரை கிரீஸ் கன் அடித்தால் போதும்.

எரிஞ்ச ஆயில் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பட்டை கத்தினால் பழைய எஞ்சின் ஆயிலையோ டீசலையோ அடித்துவிடும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அடித்ததும் சத்தம் நின்றுவிடுவதால் அதை நம்பிவிடுகிறோம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி, மெத்தென்று ஆகி, பிறகு பிய்ந்துவிடும். பட்டை இடுக்கில் தங்கிய ஆயில் மண்பாதைத் தூசியைப் பிடித்து, எமரி பசைபோல இரும்பை அரைக்கும். இந்த வண்டியில் அந்த மருந்து ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இடது புஷ் அவ்வளவு சீக்கிரம் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் முடிவு. துரு இளக்கும் ஸ்பிரேயும் இதே கதைதான். அது போல்ட்டைக் கழற்றுவதற்கு, ஓட்டுவதற்கு அல்ல.

வேலைக்கு வருவோம். முதல் நாள் இரவே சாக்கிள் நட்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் சேஸைத் தூக்கி, பட்டையின் முன் ஹேங்கருக்கு (பட்டை முனையைச் சேஸில் பிடிக்கும் தாங்கி) முன்னால் சேஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஹவுசிங்குக்கு (பின் ஆக்சிலை மூடிய இரும்புக் கூடு) அடியில் தனி ஜாக்கி வைத்து, பட்டையின் இழுவை முழுதும் தளரும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த உயரம் சரியாக இருந்தால் போல்ட் கையால் உருவினாலே வரும். சுத்தியல் தேவைப்படுகிறது என்றால் ஜாக்கியை ஒரு சுற்று ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். கேஸ் வைத்துச் சூடாக்கினால் பக்கத்து ரப்பரும் கருகும், பட்டை எஃகின் பதமும் கெடும். பழைய புஷ் வெளியே வந்ததும் துவாரத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் வெறும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். துருப் பொருக்கின்மேல் புதிய புஷ்ஷை ஏற்றினால் அது கோணலாக உட்காரும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

இப்போது இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம். சாக்கிள் போல்ட்டையும் கண் போல்ட்டையும், வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கவே கூடாது. அப்போது பட்டை கீழே தொங்கி, சாக்கிள் வேறு கோணத்தில் நிற்கும். அந்த நிலையில் இறுக்கினால், ஒட்டிய வகை ரப்பர் அந்தக் கோணத்தையே தன் இயல்பு நிலை என்று பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும், ஓடத் தொடங்கும் முன்பே, ரப்பர் முறுக்கேறி நிற்கும். அதன்மேல் லோடும் ஏறினால் முறுக்கு இரட்டிப்பாகி, சில மாதத்தில் ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து, அதே கிறீச் மறுபடி வரும். 'புது புஷ் போட்டும் சத்தம் போகவில்லை, பார்ட்ஸ் சரியில்லை' என்று குறைபடும் பல இடங்களில் குற்றம் பார்ட்ஸில் இல்லை, இறுக்கிய உயரத்தில் இருக்கிறது. ஸ்டாண்டில் இருக்கும்போது நட்டைக் கைப்பிடி அளவுக்கு மட்டும் திருகுங்கள். நான்கு சக்கரமும் தரையில் நிற்கட்டும். பின்பக்கத்தை ஐந்தாறு முறை அழுத்திவிட்டு, வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் உருட்டி, பட்டை தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். அடியில் படுத்து ரெஞ்ச் போடச் சிரமமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் முறை பட்டறையில் தொங்கவிட்டு இறுக்கிய புஷ் ஐந்தாவது மாதமே கத்தியது. தரையில் நிறுத்தி இறுக்கியது இரண்டு மழைக்காலம் தாண்டி இன்னும் அமைதியாக இருக்கிறது. அதே வண்டி, அதே பாதை.

நைலான் பேடுக்குப் பட்டைக்கட்டைப் பிரித்தாக வேண்டும். ஸ்பிரிங் பட்டறையில் கொடுப்பதே நல்லது, ஏனென்றால் பள்ளம் விழுந்த இடத்தைத் தேய்த்துச் சமப்படுத்தாமல் புது பேட் வைத்தால் அதன் விளிம்பு சீக்கிரம் அறுந்துவிடும். கோக்கும் முன் பட்டைகளை நன்றாகத் துடைத்து, நுனியில் மட்டும் மெல்லிசாகக் கிராஃபைட் கிரீஸ் பூசச் சொல்லுங்கள். இந்தப் பூச்சு நிரந்தரமல்ல. ஒவ்வொரு மழைக்காலமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போகும். பேட் நல்ல நிலையில் இருக்கும்வரை அது போனாலும் சத்தம் வருவதில்லை. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பின் உள் ரப்பரும் அப்போதே மாற்றப்பட வேண்டும். காலி வண்டியில் கேட்கும் 'சளக் சளக்' அங்கிருந்து வருவதுதான்.

பட்டையைப் பிரித்தால் அதை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட்டும் கழன்றிருக்கும். பழையதை மறுபடி போடாதீர்கள். ஒருமுறை இழுபட்டு நீண்டுபோன மரையில் இறுக்கம் நிற்காது. நான்கு நட்டுகளையும் மூலைக்கு மூலை, மூன்று தவணையாக ஏற்ற வேண்டும். 500 கி.மீ. ஓடியதும் கட்டாயம் மறு இறுக்கு வேண்டும். இதை விட்டுவிட்டால் பட்டைகளும் ஹவுசிங்கும் ஒன்றன்மேல் ஒன்று நகரத் தொடங்கி, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்து, ஆக்சில் இடம் மாறிவிடும். இது சத்தப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பின்னால் ஒரே ஒரு 'டக்' வந்தால், முன் ஹேங்கர் போல்ட்டிலிருந்து ஹப் நடு வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள். அளவு வேறுபட்டால் அதற்குமேல் வண்டியை ஓட்டாதீர்கள்.

அந்த 'டக்' யு போல்ட்டில் இல்லை என்றால் ஷாஃப்ட் ஜாயிண்ட்டில் இருக்கும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருகினால் கிராஸ் ஆட்டம் தெரியும். மெதுவாகப் போகும்போது குருவிபோலக் 'கிச் கிச்' என்று கேட்டு, வேகத்தோடு கூடவே அதிகரித்தால் கிராஸின் ஊசி பேரிங் காய்ந்திருக்கிறது. ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கத்திலும் பெயிண்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோணம் மாறிக் கோத்தால் இல்லாத அதிர்வு புதிதாக வரும்.

மற்றவை சின்ன வேலைகள். பின்கதவு கடகடத்தால் பழைய டியூப் ரப்பரைப் பட்டையாக வெட்டிக் கொக்கி உட்காரும் இடத்தில் ஒட்டினால் போதும்; வெயிலில் ஒரு வருடத்தில் இறுகிவிடும், மாற்ற வேண்டும். குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில் மட்டும் தகரம் அதிர்வதுபோலக் கேட்டால் சைலன்சர் மேல் உள்ள வெப்பத் தகடு. ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்குங்கள். லோடு பாடிக்கு அடியில் வைத்த மரக்கட்டை கோடையில் சுருங்கிக் கத்தும். கட்டைக்குப் பதில் கன்வேயர் பெல்ட் துண்டு வைத்தோம், அதன்பின் அங்கே சத்தமில்லை. சாலையில் 'ஊ' என்று இழுத்துக்கொண்டே வரும் ஓசை, வண்டி வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடது சக்கர பேரிங்கைப் பாருங்கள். அந்த நேரத்தில் பாரம் அங்கேதான் சாய்கிறது.

வேலை முடிந்ததும் இறுக்கிய ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். எப்போதாவது வண்டி கழுவும்போது குனிந்து டார்ச் அடித்தால் போதும்: கோடு நேராக இருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.