எடை குறைந்த பிளைவீலும் வலுவான கிளட்சும்: 46,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

என்னிடம் இருப்பது 2009ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட், 1.3 லிட்டர் பெட்ரோல். 2022 ஜனவரியில் அதன் பிளைவீலையும் கிளட்சையும் மாற்றினேன். பிளைவீல் என்பது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்; அதோடு கியர்பாக்ஸைச் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச். வீடு பாளையங்கோட்டையில். வாரத்தில் மூன்று நாள் ஆலங்குளம் வழியாகத் தென்காசி போய் வர வேண்டும். மாதம் ஒருமுறையாவது கேரள எல்லையிலுள்ள புளியரை மலைப்பாதை ஏறி ஆரியங்காவு வரை ஒரு ஓட்டம் இருக்கும். மாற்றிய பிறகு 46,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இதைப் பற்றிக் கேட்கிற நண்பர்களுக்கு முழுசாகச் சொல்ல இப்போது என்னால் முடியும்.

பழைய கிளட்ச் தேய்ந்துபோயிருந்தது. நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) மட்டும் ஏறும், வேகம் ஏறாது. எப்படியும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், கூலியில் பெரும்பகுதி அதற்கே போகிறது. இறக்குகிற வேலையோடு பிளைவீலையும் மாற்றிவிடலாம் என்று தோன்றியது. என் வண்டியில் உள்ள இந்த ஜி13 குடும்பத்து எஞ்சினைப் பிரித்துக் கோத்துப் பழகிய கைகள் கோயம்புத்தூரில் உண்டு. எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தய வண்டியில் ஓடியதும் இதே குடும்பத்து, மாருதி எஸ்டீமின் 1.3 லிட்டர் எஞ்சின்தான். எஃகில் கடைந்த பிளைவீல் ஒன்றை அங்கிருந்து வரவழைத்தேன். பழையதைவிட இரண்டரை கிலோ குறைவு.

முதலில் ஒரு விஷயம். இதனால் எஞ்சினின் சக்தி ஒரு குதிரைத்திறன்கூட அதிகரிக்காது. பிளைவீல் என்பது சுழற்சியைச் சேமித்து வைக்கும் சக்கரம். மிதிக்கும்போது எஞ்சின் வண்டியை மட்டும் தள்ளுவதில்லை, இந்தச் சக்கரத்தையும் சேர்த்து வேகப்படுத்துகிறது. அந்தச் சுமை குறைவதுதான் லாபம். விளிம்பில் இருக்கும் எடைதான் அதிகம் தடுக்கும், ஏனென்றால் மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தோடு தடை பெருகுகிறது. நடுவில் குறைத்த ஒரு கிலோவும் ஓரத்தில் குறைத்த ஒரு கிலோவும் ஒன்றல்ல.

கியர் விகிதமும் இதே போல வர்க்கமாகத்தான் கணக்கில் வரும். என் வண்டிக்குத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் குறைந்த இரண்டரை கிலோ, முதல் கியரில் வண்டியிலிருந்து 90, 100 கிலோவை இறக்கி வைத்தது போல. ஐந்தாவது கியரில் வெறும் நாலைந்து கிலோதான். நாங்குநேரி தாண்டி வள்ளியூர் வரை நான்கு வழிச்சாலையில் ஐந்தாவது கியரில் போகும்போது எந்த வித்தியாசமும் தெரியாததற்குக் காரணம் இதுதான். மைலேஜும் மாறவில்லை. மூன்று மாதம் எழுதி வைத்துப் பார்த்தேன், முன்பு எவ்வளவோ அதேதான்.

வித்தியாசம் தெரிகிற இடம் மலைப்பாதை. புளியரை எஸ் வளைவிலிருந்து மேலே போகும்போது இரண்டிலும் மூன்றிலும் ஆக்சிலேட்டரில் கால் பட்டதும் எஞ்சின் எழுகிறது. கேரளாவிலிருந்து திரும்பி இறங்கும்போது இன்னும் நன்றாக இருக்கும். மூன்றிலிருந்து இரண்டுக்கு வருமுன் ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டினால் போதும், ஆர்பிஎம் சட்டென்று ஏறிப் பொருந்திவிடுகிறது, குலுக்கல் இல்லாமல் கியர் விழுகிறது. எஞ்சின் பிரேக் பிடிப்பதும் உடனே தெரிகிறது. அந்த இறக்கத்துக்காகவே இதை இன்னொரு முறை செய்வேன்.

ஏற்றத்தில் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். கியர் மாற்றத் தயங்கினால் ஆர்பிஎம் மளமளவென்று இறங்கிவிடும், அடுத்த கியர் விழும்போது வண்டி முன்னுக்குக் குனியும். லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது பழைய பிளைவீல் தன் சேமிப்பால் தாங்கிக்கொள்ளும். இதில் அந்தச் சேமிப்பு கிடையாது.

சரி, கிளட்ச். இங்கேதான் தப்பு செய்தேன். விற்றவர் பந்தயத்துக்கு உரிய செராமிக் பட்டை கிளட்ச் பிளேட்டைப் பரிந்துரைத்தார், நானும் சரி என்றேன். எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி அப்போதே கேட்டார்: “தம்பி, நீங்க பந்தயமா ஓட்டப் போறிய? டவுன்ல கூட்டத்துல மாட்டினா என்ன செய்விய?” நான் கேட்கவில்லை.

செராமிக்குக்கு ஹாஃப் கிளட்ச் என்பதே கிடையாது. பிடிக்கும், அல்லது விடும். அதோடு பிளைவீலும் லேசு. ஆலங்குளம் பக்கம் சாலை அகலப்படுத்தும் வேலை நடந்த காலம் அது. ஜல்லியிலும் புழுதியிலும் முதல் கியரில் ஊர்ந்துகொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் வண்டி முழுக்க நடுங்கும். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின வாரம் ஈரடுக்கு மேம்பாலம் ஏறி டவுன் ஆர்ச் போய்ச் சேர்வதற்குள் நாலு முறை ஆஃப் ஆனது. மைனி, அதாவது அண்ணி, கோயிலுக்குப் போக வண்டியை எடுத்தார்கள். தெருமுனையிலிருந்தே திரும்பி வந்து, “தம்பி, கால எடுத்தாலே ஆஃப் ஆயிருது, எனக்கு இது வேண்டாம்” என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் ஓட்டுகிற வண்டியை ஒருவர் மட்டுமே ஓட்டும் வண்டியாக ஆக்கிவிட்டேனே என்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அந்த ஆகஸ்டில் மறுபடியும் கியர்பாக்ஸை இறக்கினோம். கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் வலுவான பிரஷர் பிளேட்டை அப்படியே விட்டு, சாதாரண வண்டிகளில் வருவது போல நடுவில் ஸ்பிரிங் உள்ள ஆர்கானிக் கிளட்ச் பிளேட் போட்டோம். முதல் 800 கிலோமீட்டர் அழுத்தாமல், கியர் அடிக்கடி மாற்றி ஊருக்குள் ஓட்டிப் பழக்கினேன். அன்றிலிருந்து இன்றுவரை அதே பிளேட்தான். மைனி இப்போது ஓட்டுகிறார்கள். கிளம்பும்போது முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சித்திரை வெயிலில் ஏசி ஓடும்போது மட்டும் கவனம் வேண்டும். கம்பிரஸர் சேரும் நொடியில் ஆர்பிஎம் ஒரு தாழ்வு தாழும், அந்த நேரத்தில் கிளட்சை விட்டால் வண்டி நின்றுவிடும்.

வலுவான பிரஷர் பிளேட்டால் கிளட்ச் மிதியின் கனம் கூடிவிட்டது. ஜங்ஷன் நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் இடது முழங்கால் சொல்லும். கனம் ஏறிய மிதி கிளட்ச் கேபிளையும் தின்னும். 19,000 கிலோமீட்டரில் பெடல் பக்கம் இழைகள் பிரிய ஆரம்பித்தன, அறுவதற்கு முன்பே மாற்றிவிட்டோம். அதிலிருந்து டிக்கியில் ஒரு கேபிள் எப்போதும் கிடக்கிறது.

நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வரும். பயப்பட வேண்டாம். எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் இப்போது அடங்காமல் பல்சக்கரங்களுக்குப் போகிறது. கிளட்சை மிதித்தால் அது நின்றுவிடும். மிதித்தால்தான் வருகிறது என்றால் அது ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கத் தள்ளும் பேரிங்), அதைப் பார்க்கத்தான் வேண்டும்.

செலவு, செராமிக்கால் வந்த இரண்டாவது கூலியும் சேர்த்து, 40,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். முதலிலேயே ஆர்கானிக் போட்டிருந்தால் அதில் கால்வாசி மிஞ்சியிருக்கும். இறக்கும்போதே ரிலீஸ் பேரிங்கையும், எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். அந்தச் சீலில் ஒரு சொட்டு எண்ணெய் கசிந்து பிளேட்டில் பட்டால் புதுக் கிளட்சும் வழுக்கும். பிளைவீல் போல்ட்டுகளும் புதியவையாக இருக்கட்டும், முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரென்ச் வைத்தே முறுக்கச் சொல்லுங்கள். பிளைவீலோடு பிரஷர் பிளேட்டையும் சேர்த்து பேலன்ஸ் பார்த்தபின்தான் மாட்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். “கம்பெனி பிளைவீலையே லேத்தில் சீவிக்கொள்ளலாம், பாதிச் செலவு” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது வார்ப்பிரும்பு. அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையை அந்த அளவுக்குத் தாங்காது. சுழலும்போது விளிம்பை வெளியே இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். கண்டபடி சீவி மெலிந்த சக்கரம் 6,000 ஆர்பிஎம்மில் வெடித்தால் துண்டுகள் கியர்பாக்ஸ் கூட்டைப் பிளந்துகொண்டு வரும். ஓட்டுகிறவரின் கால்கள் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

இரட்டைப் பிளைவீல் (ஸ்பிரிங்கால் இணைத்த இரண்டு பாகச் சக்கரம்) உள்ள புதிய டீசல் வண்டிகளிலும் இதைச் செய்ய நான் சொல்லமாட்டேன். டீசலின் முரட்டு அதிர்வை வாங்கிக்கொள்ளத்தான் உள்ளே ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் அடி முழுவதும் கியர்பாக்ஸுக்குப் போகும்.

இப்போது கிளட்ச் மிதியில் பிடிக்கும் இடம் கொஞ்சம் மேலே வந்திருக்கிறது, பிளேட் தேய்கிறது என்று அர்த்தம். நாலாவது கியர் சோதனையில் வழுக்கல் இன்னும் இல்லை. குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் ஐந்து பேரும் சாமான்களுமாக வாராவாரம் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கும். அதற்கு முன் பிளேட்டை மாற்றிவிடலாம் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். திறக்கும்போது பிளைவீல் முகத்தில் சூட்டினால் நீலம் பாய்ந்த புள்ளிகளோ மயிர்க்கோடு விரிசலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுத்தமாக இருந்தால் அதே பிளைவீல், அதே வகை ஆர்கானிக் பிளேட் புதிதாக.