இராபுவும் இச்சிரோவும்: ஊடகத் தீர்ப்பின் இரு திசைகள்

1997-இல் அமெரிக்காவின் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்கு வந்த ஜப்பானியப் பந்துவீச்சாளர் ஹிதேகி இராபுவை, ‘ஜப்பானின் நோலன் ரயன்’ (ரயன் புகழ்பெற்ற அமெரிக்க வேகப்பந்து வீச்சாளர்) என்று களமிறங்குமுன்பே ஊடகங்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின. டெட்ராய்ட் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அவர் 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியதும் (மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழக்கச் செய்ததும்) ஆரவாரம் உச்சத்தைத் தொட்டது. ஆனால் 1999-இல் ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவர் முதல் தளத்தை (மட்டையாளர் ஓடிச்சென்று தொடவேண்டிய முதல் இடம்) காக்க ஓடாமல் நின்றதற்காக, அணி உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் அவரைக் கொழுத்த தேரை என்று ஏசினார். முந்தைய ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கன் லீகின் (அமெரிக்க முதன்மை பேஸ்பாலின் இரு பிரிவுகளில் ஒன்று) அம்மாதச் சிறந்த பந்துவீச்சாளராகத் தேர்வானவர் அவர் என்பதை மறந்து, பத்திரிகைகள் அந்த வசையையே அவர் பெயரோடு ஒட்டின.

இச்சிரோ சுசுகிக்கு நடந்தது நேர்மாறு. 2001-இல் அவர் ஜப்பானிலிருந்து சியாட்டில் அணிக்கு வந்தபோது, ஒல்லியான இந்த மட்டையாளர் அமெரிக்கப் பந்துவீச்சைத் தாங்குவாரா என்றே பலர் ஐயுற்றனர்; அவ்வாண்டே 242 ஹிட்களுடன் (பந்தை அடித்துத் தளத்தைப் பத்திரமாக எட்டுவது ஒரு ஹிட்) சிறந்த புதுமுகம், மிக மதிப்புமிக்க வீரர் ஆகிய இரு விருதுகளையும் அவர் வென்றார். 2004-இல் 262 ஹிட்கள் எடுத்து, ஒரு பருவத்தில் அதிக ஹிட்கள் என்ற, 1920 முதல் நிலைத்திருந்த ஜார்ஜ் சிஸ்லரின் சாதனையை முறியடித்த பின்னும், அவற்றில் 225 முதல் தளம் வரை மட்டுமே கொண்டுசேர்த்த ஒற்றைத் தள ஹிட்கள்தாமே என்ற முணுமுணுப்பு (எனக்கு அது அற்பமாகவே படுகிறது) ஓயவில்லை. 2025-இல் பேஸ்பால் புகழ்மண்டபத்துக்கு அவர் தேர்வானபோதும் ஒரே ஒரு வாக்குதான் அவருக்குக் கிடைக்காமல் போயிற்று.