‘ஓட ஓட அடங்கிடும்’ என்று சொன்னால் வண்டியை எடுக்காதீர்கள்

பிக்கப்பின் பின் ஆக்ஸிலில் கியர் செட்டைப் புதிதாக மாற்றிப் போட்டதும் ஊளைச் சத்தம் கேட்டால் பட்டறையில் வரும் பதில்: "புது கியர் சார், ஓட ஓட அடங்கிடும்." அடங்காது. கிரவுன் வீலும் (ஆக்ஸிலின் பெரிய பல்சக்கரம்) அதைச் சுழற்றும் சின்ன பல்சக்கரமான பினியனும் சரியாக உட்கார்ந்திருந்தால் முதல் நாளிலேயே ஊளை இருக்காது.

இந்தப் பதிலைச் சொல்லி அனுப்பிவைத்த வண்டி ஒன்று 600 கிலோமீட்டருக்குள் பினியன் பேரிங் எரிந்து நின்றது. டிரெய்லர் இழுப்பதற்காக 3.55 ரேஷியோவை (கிரவுன் பற்களின் எண்ணிக்கையைப் பினியன் பற்களால் வகுத்தால் வருவது) 4.10 ஆக்கச் சொன்ன வேலை. புது கியர் செட், புது பேரிங் என்று பில். கவரைக் கழற்றினால் கிரவுன் வீலில் அடித்திருந்த எண் 41-11. வகுத்துப் பாருங்கள், 3.73தான் வரும். 4.10க்கு 41-10 வேண்டும். போதாததற்கு அது பழைய கியர். கிரவுனிலும் பினியனிலும் பொறித்திருந்த ஜோடி எண்கள் வேறுவேறு. இவை இரண்டையும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பதப்படுத்தி ஜோடியாகத்தான் அனுப்புவார்கள். ஜோடி மாறினால் எந்த ஷிம் (பினியனின் இடத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) போட்டாலும் ஊளை போகாது.

பேரிங் எரிந்ததற்குக் காரணம் வேறு. பினியனின் இரண்டு பேரிங்குக்கும் நடுவே கிரஷ் ஸ்லீவ் என்ற உலோகக் குழாய் இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, பேரிங்குக்கு முன்கூட்டியே வேண்டிய இறுக்கத்தை, அதாவது பிரீலோடைத் தரும். நசுங்கத் தொடங்கும்வரை கடுமையாக இழுக்கும். அதன்பின் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பினியன் சுழலும் இறுக்கத்தை இன்ச்-பவுண்டு ரென்ச்சில் பார்க்க வேண்டும். புது பேரிங்குக்குப் பல ஆக்ஸில்களில் 15 முதல் 30 இன்ச்-பவுண்டு. பழையதற்கு ஏறக்குறைய பாதி. இங்கே இம்பேக்ட் கன்னை வைத்து ஒரே இழுப்பு. அளவு தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்யவும் முடியாது, புது ஸ்லீவ் போட்டு மறுபடி தொடங்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாததால் பேரிங் சூடேறி நீலம் பாரித்திருந்தது.

பற்கள் எங்கே தொடுகின்றன என்று காட்டும் மார்க்கிங் பேஸ்ட் பட்ட அடையாளமே பற்களில் இல்லை. பேஸ்ட் தடவிச் சுற்றினால் பதிவு பல்லின் நடு உயரத்தில் விழ வேண்டும். அடியில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, ஷிம்மைக் குறைக்க வேண்டும். நுனியில் விழுந்தால் கூட்ட வேண்டும். இதற்காக பினியனை இரண்டு மூன்று முறை கழற்றி மாட்ட நேரும். பட்டறைக்காரர் ஏய்ப்பது பெரும்பாலும் இந்த நேரத்தைத்தான்.

ஆகவே கவர் மூடும் முன் மூன்றைக் கேளுங்கள்: பதிவின் போட்டோ, டயல் கேஜில் பார்த்த பேக்லாஷ் (இரண்டு கியரின் பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி; வழக்கமாக 0.15–0.25 மில்லிமீட்டர், உங்கள் ஆக்ஸிலின் மேனுவலே கடைசி வார்த்தை), பிரீலோட் அளவு. எழுதித் தரத் தயங்கினால் அளக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பேரிங்குகளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூடிய பிறகும் ரேஷியோவைக் கண்டுபிடிக்கலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு ஹேண்ட்பிரேக்கையும் எடுத்துவிடுங்கள். ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றினால், புரொப்பல்லர் ஷாப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு வரும் தண்டு) சுற்றும் எண்ணிக்கைதான் ரேஷியோ. 4.10 என்றால் நான்கைச் சற்றே தாண்டும், 3.73 என்றால் நான்கை எட்டாது. ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலில் இது சரிவராது. இரண்டு சக்கரங்களையும் சேர்த்து ஒரு சுற்று சுற்ற வேண்டும்.

ஓட்டியே பார்ப்பதானால் ஸ்பீடாமீட்டரை நம்பாமல் போனின் ஜிபிஎஸ் வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். முன்பு டாப் கியரில் ஒரு வேகத்துக்கு 2000 ஆர்பிஎம் காட்டிய வண்டி, அதே வேகத்தில் இப்போது 2310 காட்ட வேண்டும். மேலே சொன்ன வண்டி 2100தான் காட்டியிருக்கும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் (4x4) வண்டியில் முன் ஆக்ஸிலையும் அதே ரேஷியோவுக்கு மாற்றாமல் பின்னை மட்டும் மாற்ற ஒப்புக்கொள்ளும் பட்டறையில் சாவியைக் கொடுக்கவே வேண்டாம்.